பச்சைத் தவளையும் ஒற்றை மெட்டியும்

ஜனவரி 4, ஞாயிறு

மைனஸ் இருபத்தெட்டு. பிள்ளையார் சுழி போட்டுவிட்டு இந்த டைரியில் எழுதுகிற முதல் சங்கதி இதுதான். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடி விறைத்துக்கொண்டு குத்துகிறது. மனுஷர் குடியிருக்கிற ஊரா இது?

டைரி என் மகள் கோமதி வாங்கிக் கொடுத்தது. “யாரயாவது ஏசணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதிக்கோம்மா” என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். உள்ளபடி எழுத ஆரம்பித்தால் இந்த ஒரு டைரி பத்தாது.

அவருக்குத் தலைத்திவசம் முடிந்த கையோடு கோவில்பட்டியிலிருந்து என்னைக் கிளப்பி இந்த வின்னிபெக்கில் கொண்டு வந்து வைத்திருக்கிறாள். ஆறு மாதம் இருக்க வேண்டுமாம். இங்கே வெளியே போவதென்றால் இரண்டு சட்டை, இரண்டு பேன்ட், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, அதற்கு மேல் யானைக்கால் மாதிரி ஒரு பூட்ஸ். காலையில் கோமதி குனிந்து என் காலைப் பிடித்துப் பூட்ஸ் மாட்டிவிடப் பார்த்தாள். என் காலை யாரும் தொட வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. சுண்டட்டும்.

ஜனவரி 5

மாப்பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். திருமலைக்குமார். களக்காட்டுப் பையன், நல்ல குடும்பம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. குடி, சிகரெட் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பைத்தியம் இருக்கிறது.

யாரோ ஒரு ஆள் காட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மரப்பொந்தில் ஒளித்து வைப்பானாம். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போனில் போடுவானாம். ஊரில் இருக்கிற வேலையற்றவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் கையெழுத்துப் போடுவார்களாம். டப்பாவில் கிடக்கிற பொம்மை, சாவிக்கொத்து எதையாவது எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நம்மிடம் உள்ள ஒன்றைப் போட்டுவிட்டு வர வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். கோடையில் செய்தாலாவது பரவாயில்லை. இந்தக் குளிரில், தாடியில் பனிக்கட்டி தொங்க, சனிக்கிழமை தவறாமல் போகிறார்.

நான் கழுகுமலையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பெட்டியில் ஒரு பொருளைப் போட்டால் அது யாருக்கு என்று மேலே எழுதியிருக்க வேண்டும். பெறுநர் பெயர் இல்லாத பெட்டியைத் தேடி ஒரு படித்த மனுஷன் முழங்கால் பனியில் நடக்கிறான். என்ன சொல்ல?

அவரிடம் ஒன்றும் சொல்ல முடியாது, மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் நின்று வளவளவென்று பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் கோமதி வழியாகத்தான். “மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு.” அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரும் “போதும்னு அத்தைட்ட சொல்லு” என்பார். தோசை ஆறிவிடும்.

ஜனவரி 8

மாவு புளிக்கவில்லை. அடுப்புப் பெட்டிக்குள் லைட்டைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்தும் கல்லு மாதிரி கிடக்கிறது. அதற்கும் குளிருகிறதோ என்னவோ.

ஜனவரி 10, சனி

மாப்பிள்ளை வெளியே போய் வந்தார். சந்தோஷம் தாங்கவில்லை. ரப்பரில் செய்த பச்சைத் தவளை ஒன்று கொண்டு வந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் உட்கார வைத்திருக்கிறார். வாயைப் பிளந்துகொண்டு இளிக்கிறது.

ஜனவரி 11

என் மெட்டி இரண்டையும் காணோம்.

வாசல் அலமாரியில் மாப்பிள்ளையின் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே உடைந்த சாவி வளையம், கோலிக்குண்டு, பொத்தான், குப்பை. வந்த அன்றைக்கே பார்த்தேன். யாரும் திறக்கிற டப்பாவாகத் தெரியவில்லை. கோமதி என் பெட்டியை நாலு தரம் குடைந்து துணிகளை அடுக்குகிறவள், அதனால் என் மெட்டியை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து அந்த டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்தால் துணி மட்டும் நாலாக மடித்துக் கிடக்கிறது.

அந்த டப்பா குப்பை டப்பா இல்லையாம். காட்டுப் பெட்டிகளில் போடுவதற்கென்றே சேர்த்து வைத்திருக்கிற சாமானாம். கோமதி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது.

ஆக, என் மெட்டிக்குப் பதில் ஒரு பச்சைத் தவளை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிச் சாமான் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஜனவரி 12

கோமதியிடம் கேட்க முடியாது. தாலியையும் மெட்டியையும் செண்பகவல்லி அம்மன் கோவில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தாலியைப் போட்டேன். மெட்டியைப் போடவில்லை.

கருமாதி அன்றைக்கு விடியற்காலையில் நடந்ததை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன். என் நாத்தனார் ஆவுடையம்மாள் முன்னால் நின்றாள். தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். அடுத்து மெட்டி. கால் விரல் வீங்கிக் கிடந்தது, வரவில்லை. சோப்புப் போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள், வரவில்லை. நேரம் போகுது, ஆம்பளைங்க வந்திருவாங்க என்று அவசரப்படுத்தினாள் ஆவுடை. அவருடைய கருவிப் பெட்டியையே திறந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தாள். அவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் தினமும் துடைத்து வைத்த பிளேயர். அதை விட்டு நெம்பினாள்.

அதெல்லாம் முடிந்து பெண்கள் அழுது ஓய்ந்து காப்பிக்குப் போன நேரத்தில் பால் சொம்பில் கையை விட்டு இரண்டையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். என் பொருள், நான் எடுத்தேன்.

ஜனவரி 13

கோமதி ஆஸ்பத்திரி லேபுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை காப்பி எடுக்க அடுக்களைக்கு வந்தார். நான் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவளை என்னைப் பார்த்தது.

“அந்த பிஸ்கட் டப்பாவுல ஒரு துணி முடிச்சு இருந்ததே” என்றேன்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

“எங்கிட்டயா அத்தை கேக்கிய?”

“வேற யாரு இருக்கா இங்க?”

“ஆமா, ரெண்டு வெள்ளிக் கம்பி இருந்துச்சு. வளைஞ்சு நெளிஞ்சு கெடந்துச்சு. கோமதிதான் எதையோ போட்டிருக்கான்னு நெனச்சேன். சனிக்கிழம ஒரு பெட்டில போட்டுட்டு வந்தேன்.”

“கம்பி இல்ல. மெட்டி.”

“மெட்டி வட்டமால்லா இருக்கும்?”

“வட்டமாத்தான் இருந்தது. பிளேயர வச்சு நெம்பி எடுத்தா வட்டமாவா இருக்கும்?”

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் “உங்களதா?” என்றார் மெதுவாக. ஆமாம் என்று தவளையிடம் சொன்னேன்.

“கோமதிக்குத் தெரிய வேண்டாம்” என்றேன். “எனக்கு அது வேணும்.”

“சனிக்கிழம போய் எடுத்துட்டு வந்துருதேன் அத்தை.”

“நானும் வாரேன். நீங்க எடுத்துட்டு வர்ற லட்சணம்தான் தெரியுதே.”

கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று உறைத்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

ஜனவரி 15, பொங்கல்

மின்சார அடுப்பில் குக்கர் விசில் அடித்துப் பொங்கிய பொங்கல். குலவை போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்குப் போன் பண்ணுவானாம். சூரியன் ஒன்பது மணிக்குச் சாவகாசமாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிற்று.

ஆவுடை வீடியோவில் வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. “நல்ல நாளும் பொழுதுமா நீ அங்க அடுப்பு முன்னாடி நிக்காத செண்பகம், கோமதி பொங்கலெறக்கட்டும்” என்றாள். எட்டாயிரம் மைல் தாண்டி வந்தும் எனக்கு அடுப்பங்கரையில் நிற்க அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. கோமதி வாயைத் திறக்கவில்லை. அத்தை என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பயம். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அடிப்பிடிக்கிற வரைக்கும் கிண்டினேன்.

ஜனவரி 17, சனி

மைனஸ் முப்பது. கோமதிக்கு இந்த மாதம் சனிக்கிழமைகளில் டூட்டி. இந்தியக் கடைக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு நானும் மாப்பிள்ளையும் காரில் கிளம்பினோம். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். “முன்னால வாங்க அத்தை, ஹீட்டர் இங்கதான் நல்லா அடிக்கும்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு முழு வழியும் நடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு மேற்கே ஒரு காடு. இலை ஒன்று கிடையாது. நடக்கிற இடமெல்லாம் காலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பொந்திலிருந்து டப்பாவை இழுத்தார். மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அக்குளில் வைத்துச் சூடு பண்ணித் திறந்தார். ஒரு விசில், சீட்டுக்கட்டிலிருந்து ஒரு ஒற்றைச் சீட்டு, ஒரு பிளாஸ்டிக் குதிரை.

மெட்டி இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குதிரையை எடுத்து எறிந்துவிட்டேன். மாப்பிள்ளை பனிக்குள் கையை விட்டுத் தேடி எடுத்து மறுபடி டப்பாவில் வைத்தார். அதைப் பார்க்க இன்னும் கோபம் வந்தது.

நடுவில் ஒரு ஆள் வந்து எடுத்திருக்கிறானாம். அவனுக்குப் போனில் செய்தி அனுப்பியிருக்கிறார். அவனுடைய பட்டப்பெயர் சிவப்புக் கையுறையாம். சொந்தப் பெயரைச் சொல்ல இங்கே ஒருத்தனுக்கும் துணிவில்லை.

ஜனவரி 19

சிவப்புக் கையுறை பதில் எழுதிவிட்டான். நல்ல மனுஷன்தானாம், ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்கிறானாம். அவன் வருத்தத்தைக் கொண்டு உடைப்பில் போட. இரண்டையும் எடுத்தவன் ஒன்றாக வைத்தானா? ஒன்றை ஆற்றங்கரைப் பெட்டியில் போட்டானாம், இன்னொன்றை ஊருக்கு வெளியே ஓடைப்பக்கம் ஒரு பெட்டியில் போட்டானாம். தனித்தனியாக வைத்தால் இரண்டு பேருக்குச் சந்தோஷம் கிடைக்குமே என்று நினைத்தானாம்.

ஜோடியைப் பிரித்திருக்கிறான், பாவி. எல்லாருக்கும் இதே வேலை.

ஜனவரி 20

ஆற்றங்கரைப் பெட்டியை மாப்பிள்ளை சாயங்காலம் அவராகவே போய்ப் பார்த்து வந்தார். காலி. எடுத்தது ஒரு குடும்பம், வேனில் டெக்சாஸ் போய்க்கொண்டிருக்கிறார்களாம். வழியில் ஏதோ ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்கள், எதில் என்று ஞாபகம் இல்லையாம்.

துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது. இந்தியக் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனால் பருப்பாவது வாங்கி வர வேண்டாமா என்று கோமதி கேட்கிறாள்.

ஜனவரி 22

ரேடியோவில் குளிர் எச்சரிக்கை. பள்ளிக்கூடப் பஸ் ஓடாதாம். “ஓடைப் பெட்டிக்கு அடுத்த வாரம் போலாம் அத்தை, இந்தக் குளிர்ல தோல் வெளிய தெரிஞ்சா பத்து நிமிஷத்துல வெந்துரும்” என்றார் மாப்பிள்ளை. இப்போதெல்லாம் என்னிடம் நேராகவே பேசுகிறார். அடுத்த வாரத்துக்குள் எவனாவது அலாஸ்காவுக்குக் கொண்டு போய்விடுவான் என்றேன். சனிக்கிழமை போகாவிட்டால் நானே நடந்து போவேன் என்றும் சொன்னேன்.

துணி காயப்போட்டேன். மாவு இன்றைக்குப் பொங்கி வழிந்து அடுப்புப் பெட்டியெல்லாம் நாசம். இரண்டு மணி நேரம் துடைத்தேன்.

ஜனவரி 24, சனி

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கால் எரிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மைனஸ் முப்பத்துநான்கு. காற்றையும் சேர்த்தால் இன்னும் கீழே. மாப்பிள்ளை ராத்திரியே கார் எஞ்சினுக்கு வயரைச் செருகிச் சூடு ஏற்றி வைத்திருந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தேன். கோட்டுப் பையில் தவளை. எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வைக்கிறேன், சந்தோஷமாக வைக்கிறேன் என்று எடுத்து வந்தேன்.

ஓடைப்பக்கம் நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் செத்துவிட்டது. குளிரில் பேட்டரி நிற்காதாம். மாப்பிள்ளை அதை நெஞ்சுக்குள் வைத்துத் தேய்த்தார், ஊதினார். உயிர் வரவில்லை. மூக்குக்கண்ணாடியில் பனி பிடித்து அவருக்குக் கண்ணும் தெரியவில்லை. திக்குத் தெரியாத வெள்ளைக்காட்டில் இருந்தோம். எங்கள் காலடித் தடம் மட்டும்தான் கறுப்பு.

“திரும்பிருவோம் அத்தை” என்றார். “தடத்தப் பிடிச்சே காருக்குப் போயிரலாம். இதுக்கு மேல உள்ள போறது ஆபத்து.”

“பெட்டி எங்க இருக்குன்னு சொன்னான்?”

“இந்தப் பக்கத்துலதான். உக்காந்து யோசின்னு ஒரு துப்பு குடுத்திருக்கான், அவ்வளவுதான். விடுங்க அத்தை. ஊருக்குப் போகும்போது புதுசா ஒரு ஜோடி வெள்ளில…”

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

“ஏல, உனக்கு அறிவிருக்கால? புதுசு வாங்கித் தாரானாம் புதுசு! எவன் போடச் சொல்லுவான் எனக்கு? கோமதி வயித்துல இருக்கும்போது வெரல் வீங்கி ரத்தம் கட்டுச்சு. ஒங்க மாமா பட்டறையிலருந்து ஓடி வந்து, வெறுங்கையாலயே விரிச்சுக் கழட்டி, புளி போட்டுத் தேச்சு, வெரல் வத்துனதும் அவரே மாட்டிவிட்டாரு. வீட்டுல எல்லாரும் பாக்க, என் காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு. அது புதுசுல வருமால? அத அவரு பிளேயராலயே நெம்பி எடுத்தாளுவ. நீ கொண்டு போயி ஒரு தவளைக்கு வித்துட்டு வந்து நிக்க! போல, நீ போ. நான் வரல.”

மாப்பிள்ளையை ஏல என்றேன். நீ என்றேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் எதிரே தெரிந்த ஒரு பனி மேட்டில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் வலது கால் முழங்கால் வரை பனிக்குள் போய், பூட்ஸுக்குள் பனி கொட்டிவிட்டது. எனக்கு அடியில் பலகை தட்டுப்பட்டது. மேடு இல்லை, பெஞ்சு. பனி மூடிக் கிடந்த பெஞ்சு. காலை இழுக்கும்போது அதன் அடியில் ஏதோ டணங்கென்று இடறியது.

மாப்பிள்ளை குப்புறப் படுத்துக் கையை விட்டார். காந்தம் வைத்து ஒட்டிய சின்னத் தகர டப்பா. என் கையில் கொடுத்தார். “நீங்களே தொறங்க அத்தை.” கையுறையைக் கழற்றித் திறந்தேன். தகரம் விரலில் ஒட்டித் தோலை உரித்தது. உள்ளே, ஒரு ரயில் பொம்மைக்குப் பக்கத்தில், நெளிந்து போன என் மெட்டி. ஒன்று.

தவளையை உள்ளே போட்டு மூடினேன். இளிக்கட்டும் அங்கே கிடந்து.

காரில் ஹீட்டர் சூடு ஏறியதும் மாப்பிள்ளை அதைக் கேட்டு வாங்கினார். உதட்டுக்குத் தடவுகிற பசைக் குழாயின் மேல் வைத்து, மெள்ள மெள்ள விரலாலேயே அழுத்தி வட்டமாக்கினார். முழு வட்டம் வரவில்லை. ஆனாலும் மெட்டி மாதிரி ஆயிற்று. என்னிடம் நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

நான் பூட்ஸைக் கழற்றினேன். இரண்டு காலுறையையும் கழற்றினேன். மாட்டினேன்.

“வெள்ளி குளிர உள்ள இழுக்கும் அத்தை” என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. “வெளிய வரும்போது கழட்டி வச்சுக்கோங்க.”

“இனிமே கழட்ட மாட்டேன்.”

“சரி. அப்போ இன்னொரு காலுறை சேத்துப் போட்டுக்கோங்க.” கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டினார். “என்ட்ட இன்னிக்குத்தான் மூச்சு விடாமப் பேசியிருக்கிய.”

“ஏசியிருக்கேன்.”

“எங்கம்மையும் இப்படித்தான் பேசுவா.”

அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. கிள்ளினால் தெரியவில்லை. அவரிடம் சொன்னதும் சிக்னலில்கூட நிற்கப் பொறுமையில்லாமல் வீட்டுக்கு ஓட்டி வந்தார். ஹீட்டர் சூட்டில் போனுக்கு உயிர் வந்திருந்தது, வழியிலேயே கோமதியை அதில் பிடித்துக் கிளம்பி வரச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 25

நேற்று எழுதாமல் விட்டது.

கோமதி ஆஸ்பத்திரியிலிருந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். தேய்க்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் வைத்திருக்க வேண்டும் என்றாள். காலுறையை நானே கழற்றுகிறேன் என்றேன். கேட்கவில்லை. கழற்றினாள்.

மெட்டியைப் பார்த்தாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அடுக்களைக்குப் போய் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

கருமாதி அன்றைக்கு ஆவுடை பிளேயரை விட்டு நெம்பும்போது நான் காலை உதறினேன். “காலப் பிடிட்டி” என்றாள் ஆவுடை. பிடித்தது கோமதி. இரண்டு கையாலும் என் கணுக்காலைத் தரையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். நான் பெற்ற பிள்ளை. ஆவுடை மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவள் யாரோ. என் மகள் கை என் காலில் இருந்ததைத்தான் இந்த ஒரு வருஷமாக என்னால் தாங்க முடியவில்லை. இதை இதுவரை நான் எழுதவில்லை.

நேற்று அதே கை. தண்ணீருக்குள் என் காலைத் தாங்கிக்கொண்டிருந்தது. விரலுக்கு உணர்வு திரும்பும்போது வலி உயிரைப் பிடுங்கியது. கத்தினேன். காலை உதறினேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

“பிடிக்கட்டுமா, வேண்டாமாம்மா? நீயே சொல்லு” என்றாள். அழுதுகொண்டிருந்தாள். “அன்னிக்கு உங்கிட்ட நான் கேக்கவேயில்ல.”

அப்போதும் கோபம்தான் முன்னால் வந்தது. “கேக்காமத்தானே பிடிச்ச. ஒன் அத்தை சொன்னா கெணத்துலயும் குதிப்பியே” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எடுத்த கையைப் பாத்திர விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிடி என்றேன்.

வலி அடங்கும் வரை பிடித்திருந்தாள். பிறகு துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், மெட்டியைச் சுற்றியும் அதன் அடியிலும். கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை.

ஜனவரி 28

தோல் உரிகிறது. விரலுக்கு ஒன்றும் இல்லை, தப்பித்தது என்றாள் கோமதி. மாப்பிள்ளையும் நானும் மாறி மாறி அவளிடம் திட்டு வாங்குகிறோம். இந்தக் குளிரில் வயதானவளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவன் மனுஷனா என்று அவரிடம் கேட்டாள். அவரை ஏசாதே, நான்தான் போகச் சொன்னேன் என்று நான் நடுவில் போய் விழுந்தேன். தோசை சூடாக இருந்தது. இன்னொன்று வேண்டுமா மாப்ள என்று நானே கேட்டேன், அவர் நானே எடுத்துக்கிடுதேன் அத்தை என்றார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு ஆவுடை வீடியோவில் வந்தாள். எனக்குக் காலில் குளிர் தாக்கிய சங்கதி யார் மூலமாகவோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. கோமதி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சோபாவில் இருந்தார்.

“எதுக்கு செண்பகம் உனக்கு இந்த வயசுல காடு மேடெல்லாம்? வீட்டுல அடங்கிக் கெடக்க வேண்டியதுதானே? என் தம்பி இருந்தா விட்டிருப்பானா?”

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“வெரலு கறுத்துட்டா? அழுகிட்டா என்னன்னு தெரியலயே. எங்க, கால காட்டு பாப்போம்.”

கோமதி என்னைப் பார்த்தாள். சிக்னல் சரியில்லை அத்தை என்று சொல்லிப் போனை மடக்கி வைத்திருக்கலாம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்கிறவள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “கழட்டட்டுமாம்மா?” என்று கேட்டாள். ம் என்றேன். மூன்று காலுறையையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

வயதில் மூத்தவள் முகத்துக்கு நேரே காலை நீட்டக் கூடாது என்று என் அம்மா அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் கேட்டது அவள். மெட்டி போட்ட காலைத் தூக்கினேன். கோமதி போனை என் பாதத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய், அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

“விரலு நல்லா இருக்கு மதினி” என்றேன். “நல்லா பாத்துக்கிடுங்க.”